ஈரலுக்குப் பரவிய புற்றுநோய்: மருந்துக் கடையில் கேட்ட கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். நான் டாக்டர் அல்ல. ஆனால் எங்கள் பக்கத்தில் ஈரோட்டிலோ கோயமுத்தூரிலோ ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிறவர்கள், வீட்டுக்குப் போகும் முன் கவரைப் பிரித்துக் காட்டுவது மெடிக்கலில்தான். "ஏனுங்க, இதுல ஈரல்னு என்னமோ போட்டிருக்குதுங்களே?" என்பார்கள். 2018 வரை "டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த வருடம் ஆடி மாதம் அதே மாதிரிக் கவர் என் அம்மாவின் பெயரில் வந்தது. பெருங்குடலில் ஆரம்பித்து ஈரலில் மூன்று கட்டி. அதற்குப் பிறகு அம்மா நாலரை வருடம் இருந்தார். அப்போது டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் பின்னால் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். இதில் எது உங்கள் வீட்டு ஆளுக்குப் பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல முடியும்.

ரிப்போர்ட்டில் "மல்டிபிள் லிவர் மெட்டாஸ்டாசிஸ்" என்று இருக்கிறது. இது ஈரல் புற்றுநோயா?

இல்லை. வேறு இடத்திலிருந்து ஈரலுக்குப் பரவிய பல கட்டிகள் என்று அர்த்தம். மேல்மடைக் காட்டில் முளைத்த பார்த்தீனியத்தின் விதை வாய்க்கால் தண்ணீரோடு வந்து உங்கள் வயலில் முளைத்தால் அது உங்கள் வயல் பயிராகிவிடாது, பார்த்தீனியம் பார்த்தீனியம்தான். குடலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலில் கட்டியாக நின்றாலும் அது குடல் புற்றுநோய்தான். மார்பகத்திலிருந்து வந்தது மார்பகப் புற்றுநோய்தான். மருந்தும் அந்த மூல இடத்துக்கு ஏற்றதுதான் கொடுப்பார்கள். ஈரலிலேயே தொடங்கும் புற்றுநோய் வேறு வகை, அதற்கு மருந்தும் வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்கு "ஈரல் கேன்சருக்கு" கொடுத்த மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டு வந்து கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்.

அதனால் கவரைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது, "எங்கிருந்து வந்ததுன்னு சொன்னாங்களா?" என்றுதான்.

அது ஏன் ஈரலுக்கே போகிறது?

குடல், இரைப்பை, கணையம், மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் நாளம் என்ற ஒரே பெரிய குழாய் வழியாக நேராக ஈரலுக்குள் போகிறது. நாம் சாப்பிட்டதன் சத்தை ஈரல் பிரித்தெடுக்க உடம்பு போட்டிருக்கிற வாய்க்கால் அது. குடலில் கட்டி இருந்தால் அதிலிருந்து உதிரும் செல்களுக்கும் அதே வாய்க்கால்தான்.

இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு இந்தப் போர்ட்டல் நாளத்திலிருந்தும், கால் பங்கு தமனியிலிருந்தும் வருகிறது. ஆனால் கட்டிகள் பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்துத்தான் வளர்கின்றன.

பரவிவிட்டால் நான்காம் ஸ்டேஜ் என்கிறார்கள். அப்படியென்றால் அவ்வளவுதானா?

எங்களிடமும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். ஸ்டேஜ் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது என்பது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் இதில் தனி ரகம். பரவியது ஈரலில் மட்டும் இருந்து, கட்டிகள் முழுவதையும் வெட்டி எடுக்க முடிந்தால், அப்படி எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். ஆறில் ஒருவர் அளவுக்கு நோய் திரும்பாமல் பத்து வருடம் தாண்டிவிடுகிறார்கள். நான்காம் ஸ்டேஜிலும் குணமாகிறவர்கள் உண்டு என்பதை நான் நம்பவே இல்லை, படித்த பிறகுதான் நம்பினேன். ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஆரம்பத்திலேயே வெட்டி எடுக்கும் நிலையில் வருகிறவர்கள் ஐந்தில் ஒருவர்தான். எடுத்த பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எங்காவது திரும்பி வருகிறது.

ஹார்மோன் சுரக்கும் செல்களில் தொடங்கும் நியூரோஎண்டோகிரைன் வகைக் கட்டிகள் பெரும்பாலும் மெதுவாக வளர்பவை, ஈரல் நிறையக் கட்டியோடு பல வருடம் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணையம், பித்தப்பை, இரைப்பையிலிருந்து பரவியது கடுமையானது. அங்கே ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் இடமில்லை, மருந்தால் நோயைத் தள்ளிப்போடுவதும் தொந்தரவைக் குறைப்பதும்தான் வைத்தியம். இதை டாக்டர் நேராகச் சொன்னால் அவர் மேல் கோபப்படாதீர்கள்.

சதை எடுத்து டெஸ்ட் பண்ணினால் பரவிவிடும் என்கிறார்களே?

எந்த வகைப் புற்றுநோய் என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது, அதனால் மூல இடத்திலிருந்தோ ஈரலிலிருந்தோ சதை எடுத்தே ஆகவேண்டும். "கத்தி பட்டால் காத்துல பரவிரும்" என்பது பயத்தில் பிறந்த பேச்சு.

ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு துளி நிஜம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். குடல் கட்டியிலிருந்து ஏற்கெனவே சதை எடுத்து உறுதியாகிவிட்டது, ஈரல் கட்டி ஸ்கேனில் தெளிவாகத் தெரிகிறது, வெட்டி எடுக்கவும் முடியும் என்றால், ஈரலில் ஊசி விடுவதை அறுவை டாக்டர்கள் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். ஊசி போன தடத்தில் செல்கள் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. தேவையில்லாத இடத்தில் ஏன் அந்த வம்பு என்பது அவர்கள் கணக்கு.

மற்ற டெஸ்டுகள் என்றால், மூன்று கட்டமாகச் சாயம் ஏற்றி எடுக்கும் சிடி, ஈரலுக்கான எம்ஆர்ஐ, வேறு எங்கும் இருக்கிறதா என்று பார்க்க பெட் சிடி, ரத்தத்தில் சிஇஏ என்ற புற்றுநோய்க் குறியீட்டின் அளவு. எம்ஆர்ஐ எதற்கு என்று செலவைப் பார்த்து யோசிப்பார்கள். சிடியில் தெரியாத சின்னக் கட்டி எம்ஆர்ஐயில் தெரியும், வெட்டப் போகிறவருக்கு அது அவசியம். எடுத்த சதையில் ஜீன் டெஸ்டும் கேட்பார்கள், அது எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

"ஆபரேஷன் பண்ண முடியாது" என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

அம்மாவுக்கு மலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலம் என்று நினைத்து எட்டு மாதம் நானே என் கடையிலிருந்து களிம்பு எடுத்துக் கொடுத்தேன். (ஐம்பது வயதைத் தாண்டியவர் யாராவது இப்போது மூலத்துக்குக் களிம்பு கேட்டு வந்தால், கொலோனோஸ்கோபி (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) பண்ணினீர்களா என்று கேட்காமல் கொடுப்பதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.) கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் மூன்று கட்டி, வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் ஒன்று. நாங்கள் முதலில் போன ஆஸ்பத்திரியில், "ரெண்டு பக்கமும் இருக்கு, ஆபரேஷன் கிடையாது, கீமோ குடுத்து இருக்கிற வரைக்கும் பாத்துக்கலாம்" என்றார்கள். சொன்னவர் நல்ல டாக்டர்தான், ஆனால் ஈரல் அறுவை செய்கிறவர் அல்ல. ஸ்கேனை ஈரல் அறுவை டாக்டர் ஒருவரிடம் காட்டலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. கரூரில் இருக்கும் மாமா சொல்லித்தான் கோயமுத்தூரில் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் சிடியைக் கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை கட்டிங்கிறது முக்கியமில்லைங்க. எடுத்த பிறகு எவ்வளவு நல்ல ஈரல் மிச்சம் இருக்கும், அதுக்கு ரத்தம் போக வழி இருக்குமா, அதைத்தான் பாக்கணும்" என்றார்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். நல்ல ஈரலாக இருந்தால் மொத்தத்தில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினால் போதும். பல மாதம் கீமோ வாங்கிய ஈரல் என்றால் 30 சதவீதமாவது வேண்டும். மது குடித்தோ வேறு காரணத்தாலோ சுருங்கிப்போன ஈரல் என்றால் 40. மிஞ்சுவது போதாது என்று தெரிந்தால் அதைப் பெரிதாக்கவும் வழி இருக்கிறது. வெட்டப் போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் கிளையை ஊசி வழியாக அடைத்துவிடுவார்கள். அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் நின்றதும் மறுபக்கத்துக்குப் பாய்ச்சல் கூடி, நாலு முதல் ஆறு வாரத்தில் அது பெருக்கும். இரண்டு பக்கமும் கட்டி இருந்தால் இரண்டு தவணையாக வெட்டுவதும் உண்டு.

முதலில் வெட்ட முடியாத கட்டியும் கீமோவில் சுருங்கி வெட்டும் நிலைக்கு வரலாம். அதனால் கீமோ ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப ஸ்கேன் எடுத்து, திரும்பவும் ஈரல் அறுவை டாக்டரிடம் காட்ட வேண்டும். கட்டி முழுவதும் மறையட்டும் என்று கீமோவை நீட்டிக்கொண்டே போவது நல்லதல்ல. ஸ்கேனில் மறைந்த கட்டி பல நேரம் உள்ளே உயிரோடுதான் இருக்கும், டாக்டருக்குத்தான் எங்கே வெட்டுவது என்று தெரியாமல் போகும். அதோடு அதிக கீமோவில் ஈரலே நைந்துவிடும்.

அம்மாவுக்கு நான்கு சுற்றுக் கீமோ முடிந்து, ஒரே மயக்கத்தில் குடலையும் ஈரலையும் செய்தார்கள். வலது பக்கத்தில் ஒரு பகுதியை எடுத்து, இடது பக்கக் கட்டியைச் சுற்றி வழித்தெடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்ய மாட்டார்கள். சிலருக்குக் குடல் முதலில், சிலருக்கு ஈரல் முதலில்.

இரண்டாவது டாக்டரும் முடியாது என்று சொல்லலாம். சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஐந்தாவது, ஆறாவது டாக்டரைத் தேடி ஊர் ஊராக அலைந்ததில் கீமோ ஆரம்பிக்க வேண்டிய இரண்டு மாதத்தைத் தொலைத்த குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன்.

வெட்டிய ஈரல் திரும்ப வளருமா?

வளரும். பழைய வடிவத்துக்கு வராது, மிச்சமிருக்கும் பகுதியே பெருத்து, சில மாதத்தில் வேலைக்குப் போதுமான அளவுக்கு வந்துவிடும்.

கீமோ என்றால் என்ன கொடுப்பார்கள்? வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

குடல் புற்றுநோய் பரவியிருந்தால் வழக்கமாக ஃபோல்ஃபாக்ஸ், ஃபோல்ஃபிரி, கேப்பாக்ஸ் என்ற கூட்டு மருந்துகள். ஃபோல்ஃபாக்ஸுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய் வர வேண்டும். மருந்தில் ஒரு பகுதி 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற வேண்டும் என்பதால், நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் என்ற மருந்து ஏற்றும் வாயை வைத்து ஒரு சின்னப் பம்பை மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மடியில் கட்டிக்கொண்டு அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முடி முழுவதும் கொட்டிவிடும் என்று பயந்தார், கொஞ்சம் மெலிந்ததோடு சரி.

ஃபோல்ஃபாக்ஸிலும் கேப்பாக்ஸிலும் இருக்கும் ஆக்ஸாலிபிளாட்டினுக்குக் குளிர்ச்சி ஆகாது. ஊசி போட்ட சில நாளைக்கு ஜில்லென்று எதைத் தொட்டாலும் விரல் ஷாக் அடித்த மாதிரி சுரீரென்னும், பச்சைத் தண்ணீர் குடித்தால்கூடத் தொண்டை அடைத்த மாதிரி இருக்கும். வாடைக் காலத்தில் வாசல் தெளிக்கும் வேலையை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஐஸ் போட்ட ஜூஸ் வாங்கிக் கொடுக்காதீர்கள். சுற்றுகள் கூடக் கூட விரல் நுனி மரத்துப்போகும். சட்டைப் பித்தான் போட முடியவில்லை, நூல் கோக்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள் அல்லது அந்த மருந்தை நிறுத்துவார்கள். பனியன் கம்பெனியில் தைக்கிறவர்களுக்கும் தறி ஓட்டுகிறவர்களுக்கும் விரல்தான் பிழைப்பு. "தாங்கிக்குறேனுங்க" என்று மறைத்தவர்களுக்கு அந்த மரப்பு வருடக்கணக்கில் போகவில்லை.

கேப்பாக்ஸில் கேப்சிடபைன் மாத்திரை. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் காலையும் இரவும், பதினான்கு நாள் சாப்பிட்டு ஏழு நாள் விட வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரியும், தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவி வாருங்கள், வெடித்துப் புண்ணானால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஃபோலிக் ஆசிட் உள்ள சத்து மாத்திரையை நீங்களாகச் சேர்க்க வேண்டாம், அது இந்த மருந்தின் நஞ்சைக் கூட்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரி. வெள்ளை அணு குறைந்திருக்கும் நாளில் வரும் காய்ச்சல் ஒரே இரவில் ஆளைக் கொண்டுபோய்விடும். கீமோ நோயாளிக்குக் காய்ச்சல் மாத்திரை என்று கேட்டால் என் கடையில் கிடைக்காது, வண்டி வேண்டுமானால் பிடித்துக் கொடுப்பேன்.

ஜீன் டெஸ்ட், டார்கெட் மருந்து, இம்யூனோதெரபி எல்லாம் எல்லோருக்கும் உண்டா?

கிடையாது. குடல் புற்றுநோயில் கேராஸ், என்ராஸ் என்ற ஜீன்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பாதிப் பேருக்கு மாறியிருக்கும், அவர்களுக்கு செட்டுக்சிமாப் என்ற டார்கெட் ஊசி வேலை செய்யாது. மாறாமல், கட்டியும் இடது பக்கக் குடலில் இருந்தால் நன்றாகக் கேட்கும். பெவாசிசுமாப் என்ற ஊசி இரண்டு தரப்புக்கும் கொடுக்கலாம், ஆனால் ஆபரேஷனுக்கு ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் புண் ஆறாது.

கட்டியில் ஜீன் பிழைகள் திருத்தப்படாமல் குவிகின்றனவா என்று பார்ப்பது எம்எஸ்ஐ டெஸ்ட். அது ஹை என்று வந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபிக்கு அருமையாகக் கேட்கும். பரவிய குடல் புற்றுநோயில் நூற்றில் நான்கைந்து பேருக்குத்தான் அப்படி. மற்றவர்களுக்கு அந்த ஊசி தனியாகப் பெரிதாக உதவாது. தோட்டத்தை அடமானம் வைத்து இம்யூனோதெரபி போடக் கிளம்பியவரிடம் நான் கேட்டது ஒன்றுதான், "எம்எஸ்ஐ ரிப்போர்ட் எங்கேங்க?" அந்த டெஸ்டே எடுத்திருக்கவில்லை.

மார்பகம், நுரையீரலிலிருந்து பரவியிருந்தால்?

அங்கே கத்தியைவிட மருந்துதான் பிரதானம். மார்பகப் புற்றுநோய் ஹார்மோனுக்குக் கேட்கும் வகையாக இருந்தால் லெட்ரோசோல் போன்ற மாத்திரையோடு பால்போசிக்ளிப் வகை மாத்திரை. இதன் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்து உள்ளூர்க் கம்பெனி மருந்துகள் வந்ததால் விலை நன்றாக இறங்கிவிட்டது. ஹெர்2 என்ற புரதம் அதிகம் உள்ள வகைக்கு டிராஸ்டுசுமாப். நுரையீரலில் இஜிஎஃப்ஆர் ஜீன் மாறியிருந்தால் தினம் ஒரு மாத்திரை. குடலிலோ இரைப்பையிலோ வரும் ஜிஸ்ட் என்ற கட்டி ஈரலுக்குப் பரவியிருந்தால் இமாட்டினிப். மாதம் லட்சத்துக்கு மேல் விற்ற அந்த மருந்து இன்று சில ஆயிரத்தில் கிடைக்கிறது என்றால் அதில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கொடுத்த காப்புரிமைத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நியூரோஎண்டோகிரைனுக்கு மாதம் ஒரு ஆக்ட்ரியோடைட் ஊசி, அதை மீறி வளர்ந்தால் லுட்டீஷியம் என்ற கதிர்மருந்து.

வெட்டாமல் சூடு வைத்து எரிப்பது, கரண்ட் வைப்பது என்கிறார்களே?

மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட சில கட்டிகள் என்றால் தோல் வழியாக ஊசியை விட்டு மைக்ரோவேவ் அல்லது ரேடியோ அலைச் சூட்டில் எரித்துவிடலாம். 2024-ல் முடிவு வெளியான கொலிஷன் என்ற ஐரோப்பிய ஆய்வில், குடலிலிருந்து பரவிய சின்னக் கட்டிகளை எரித்தவர்களும் வெட்டியவர்களும் உயிர் வாழ்ந்ததில் வித்தியாசம் தெரியவில்லை, எரித்தவர்களுக்குச் சிக்கல் குறைவு. அம்மாவுக்கு 2021-ல் ஈரலில் இரண்டு சென்டிமீட்டரில் ஒன்று திரும்பி வந்தபோது இப்படித்தான் எரித்தார்கள். மறுநாளே வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த காப்பியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருந்தால் ஓடும் ரத்தம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும், முழுக்க எரியாது.

நம் ஊரில் "கரண்ட்" என்று சொல்வது கதிர்வீச்சு. மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஈரலுக்குக் கொடுப்பது எஸ்பிஆர்டி என்ற குறிபார்த்த முறை. மூன்று முதல் ஐந்து தடவையில் முடிந்துவிடும், வலிக்காது.

ஆரம்பத்தில் சொன்ன தமனிக் கணக்கு ரத்தக்குழாய் வழி வைத்தியத்தில் உதவுகிறது. தொடை வழியாகக் குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் தமனிக் கிளையில் கீமோவை இறக்கி அடைப்பது டேஸ், யிட்ரியம் கதிர்மணிகளை இறக்குவது டேர். டேர் செலவு பல லட்சம். குடல் புற்றுநோயில் முதல் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் ஆயுள் கூடவில்லை. கீமோ கேட்காமல் போன பிறகு, ஈரலில் மட்டும் நோய் நிற்கும் சிலருக்கு யோசிப்பார்கள். முதல் வைத்தியமாகவே இதை யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

ஈரலை மாற்றி வைக்க முடியாதா? மகன் தருகிறேன் என்கிறான்.

குடலிலிருந்து ஈரலுக்கு மட்டும் பரவி, வெட்ட முடியாமல், கீமோவுக்கு நன்றாகக் கேட்ட சிலருக்கு மாற்று ஈரல் பலன் தருகிறது. டிரான்ஸ்மெட் என்ற ஆய்வு 2024-ல் வந்தது. மொத்தம் 94 பேர். ஐந்து வருடத்தில் கீமோ மட்டும் வாங்கியவர்களில் 13 சதவீதம் பேரும், மாற்று ஈரலும் சேர்த்துப் பெற்றவர்களில் 57 சதவீதம் பேரும் உயிரோடிருந்தார்கள். பெரிய வித்தியாசம்தான். ஆனால் சல்லடை போட்டுச் சலித்தெடுத்த ஆட்கள் அவர்கள். மற்ற புற்றுநோய்களில், மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் தவிர, இதைப் பேசுவதே இல்லை. மகனின் மனசு நல்ல மனசு, ஆனால் அவனுக்கும் அது பெரிய ஆபரேஷன்.

மஞ்சளே புற்றுநோய்க்கு மருந்து என்கிறார்கள். கீழாநெல்லி?

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் பாட்டன் காலத்திலிருந்து மஞ்சள் போட்ட காடு எங்களுடையது. மஞ்சளைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. குழம்பிலும் பாலிலும் போடுவது தாராளமாக இருக்கட்டும். ஆனால் மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமினை மிளகுச் சத்தோடு சேர்த்து, உடம்பில் பல மடங்கு ஏறும்படி செய்து மாத்திரையாக விற்கிறார்கள். அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ஈரல் வீங்கி மஞ்சள்காமாலை வந்தது வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே கட்டியும் கீமோவும் சுமக்கும் ஈரலுக்கு அந்தச் சோதனை வேண்டாம். என் கடையில் அந்த மாத்திரை நல்ல லாபம் தரும் சரக்கு. கீமோ வாங்குகிறவருக்கு விற்பதில்லை.

கீழாநெல்லி விஷயத்தில் நான் பார்த்த தப்பு வேறு. கட்டி பித்தக் குழாயை அழுத்தினால் பித்தம் இறங்க வழியில்லாமல் கண் மஞ்சளாகும், மலம் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். இது அடைப்பு. அடைத்த குழாய்க்கு மூலிகை என்ன செய்யும்? எண்டோஸ்கோப் வழியாகவோ தோல் வழியாகவோ ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்துப் பித்தத்தை இறக்க வேண்டும். இறக்கினால் சில நாளில் தெளிந்து, நின்றுபோன கீமோவைத் திரும்பத் தொடங்க முடியும். பத்தியம் இருந்து பதினைந்து நாள் கடத்தியவர்கள் குளிர் காய்ச்சலோடு வந்தார்கள். மஞ்சள்காமாலையோடு குளிர் காய்ச்சல் என்றால் பித்தக் குழாயில் சீழ், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சாப்பாட்டில் எதைத் தள்ள வேண்டும்?

மதுவைத் தவிர ஒன்றையும் இல்லை. சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும், பால் ஆகாது, கறி ஆகாது என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றைப் பிடுங்கிக்கொண்டால் நோயாளி எலும்பாகிவிடுவார், மெலிந்தவருக்குக் கீமோவும் தாங்காது. அரிசிம்பருப்பு சாதத்தில் நெய் விட்டு, நன்றாக வெந்த முட்டை இரண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. வெள்ளை அணு குறைந்திருக்கும் நாளில் பச்சைக் காய்கறியும் கடைச் சட்னியும் வேண்டாம். வயிற்றில் நீர் கோத்திருந்தால் மட்டும் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள்.

செலவுக்கு என்ன வழி? எங்கே போவது?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் பதிவு செய்யலாம். அரசு ஆஸ்பத்திரி மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும், ஆனால் எந்த வைத்தியத்துக்கு எவ்வளவு என்று வரம்பு உண்டு, சேரும் முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி, பெருந்துறையில் இருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆகியவை நமக்குக் கிட்டத்தில் இருப்பவை. சென்னை என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். ஈரலை வெட்டுவது மட்டும் அதை வழக்கமாகச் செய்கிற இடத்தில்தான் செய்ய வேண்டும், கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காக ஓர் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கீமோவை அங்கே எழுதி வாங்கிக்கொண்டு இங்கே போட்டுக்கொள்ளலாம்.

வைத்தியத்துக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தை நிரப்பித் தருவார்கள். சேரனோ ஏற்காடு எக்ஸ்பிரஸோ பிடிக்க ஈரோடு போக வேண்டும், கோபிக்கு ரயில் வரும் என்று என் அப்பாரு காலத்திலிருந்து சொல்கிறார்கள்.

நோயாளியிடம் சொல்லலாமா?

நாங்கள் சொல்லவில்லை. "ஈரல்ல கொழுப்புக் கட்டி" என்று சொல்லி வைத்திருந்தோம். அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவர். மூன்றாவது கீமோவுக்குள் பக்கத்துப் படுக்கை அம்மாவிடம் எல்லாவற்றையும் விசாரித்து முடித்திருந்தார். ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது, "எனக்குத் தெரியும்னு உங்கய்யங்கிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. அவிய தாங்கமாட்டாங்க" என்றார். அப்பாவோ அதே வாரம் என்னிடம், அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தார். ஒரு வீட்டில் மூன்று பேர் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது யாராவது கேட்டால், எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசை என்று நோயாளியிடமே கேட்கச் சொல்கிறேன். ஆபரேஷன் ஒப்புதலில் கையெழுத்து அவருடையது. தோட்டத்தை யாருக்கு எழுத வேண்டும் என்ற யோசனையும் அவருடையது.

வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்களா? அது கடைசி நேர மருந்துதானே?

இரண்டும் தப்பு. புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அடிமையாவது மிக அரிது. ஈரல் உறை இழுபடும் வலி தோள் வரை குத்தும், அதற்குப் பாராசிட்டமாலைக் கூட்டிக்கொண்டே போவது ஈரலுக்குக் கெடுதல். மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் கட்டாயம் வரும், மலத்தை இளக்கும் மருந்தையும் கூடவே எழுதி வாங்குங்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு கிடைப்பது சுலபமாகியிருக்கிறது, இருந்தாலும் என்னைப் போன்ற சாதாரணக் கடையில் இருக்காது, அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில்தான் வாங்க வேண்டும்.

வலி நிவாரண டாக்டரைக் கீமோ நடக்கும்போதே பார்க்கத் தொடங்குங்கள். படுக்கையில் விழுந்தவர்களுக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் நர்ஸ் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். நுரையீரலுக்கும் போய்விட்டது, இனிக் கீமோ வேண்டாம் என்று அம்மாவே சொன்ன பிறகு அந்த நர்ஸ் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதம் வந்தார். 2023 தை மாதம் அம்மா இறந்தது வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில், வலி இல்லாமல்.

புது டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

சிடி, எம்ஆர்ஐ ஃபிலிம் மட்டும் போதாது, அந்த ஸ்கேன் பதிந்த டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள், ஈரலைப் பக்கம் பக்கமாக உருட்டிப் பார்க்க அதுதான் வேண்டும். சதை டெஸ்ட் செய்த இடத்தில் மெழுகுக் கட்டியாக வைத்திருப்பார்கள், பிளாக் என்று கேட்டால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். ஜீன் டெஸ்டுக்கு அது இல்லையென்றால் திரும்ப ஊசி விட வேண்டிவரும். அதை வெயிலில் வைக்காதீர்கள், உருகும். நாங்கள் மஞ்சப்பையில் போட்டு பஸ் ஜன்னலோரம் மாட்டிக்கொண்டு போய், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகுதான் அது தெரிந்தது. நல்லவேளை அது மார்கழி.